எந்த ஊருக்கும் போகாத விமானம்

நியூ ஜெர்சியில் வாழும் அத்தனை தமிழர்களிலும் தரையைப் பார்த்து நடக்காத ஒரே மனிதர் ரன்வேதான். பனிக்காலத்தில் நாங்களெல்லாம் வழுக்கிவிடுமோ என்று ஒவ்வொரு அடியையும் பார்த்துப் பார்த்து வைப்போம். அவர் மோவாயைத் தூக்கிக்கொண்டு, வானத்தில் யாரோ கூப்பிட்ட மாதிரி வருவார். அப்படி நடந்து அவர் மோதிய கண்ணாடிக் கதவுகள், மிதித்த பூச்செடிகள், முழங்கால் வரை புதைந்த பனிக்குவியல்கள் எத்தனையோ. ஒரு தடவை வேறு யாருடைய காரிலோ ஏறி உட்கார்ந்து, மேலே போன விமானம் மறைந்த பிறகுதான் பக்கத்து இருக்கையில் ஒரு நாய் இருப்பதைக் கவனித்தார்.

"கடிக்கலையா சார்?" என்று பதறிப்போய்க் கேட்டேன்.

"சேச்சே, நல்ல நாய் சுந்தர். அதுவும் மேலதான் பாத்துட்டு இருந்துது" என்றார்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. பார்சிப்பனியில் நாங்கள் சேர்ந்து வேலை பார்த்த ஆபீஸின் அடையாள அட்டையில் அது அச்சாகியிருந்தது. அதை யாரும் உபயோகித்து நான் கேட்டதில்லை. அமெரிக்கர்கள்கூட "ரன்வே" என்றுதான் கூப்பிட்டார்கள். அவரும் திரும்பிப் பார்ப்பார், விமானம் எதுவும் போகாத நேரமாக இருந்தால்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கூட்டம். தலைமை அலுவலகத்திலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் வந்திருந்தார். ஆள்குறைப்பு பற்றிப் பேச்சு. இருபது பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். அதிகாரி "மிகவும் வருத்தத்துடன்" என்று ஆரம்பித்தார். மூலையிலிருந்து ஒரு உள்ளங்கை உயர்ந்தது, போக்குவரத்துக் காவலர் லாரியை நிறுத்துகிற மாதிரி. ரன்வேயின் கை. அதிகாரி நின்றார். அறையே நின்றது. எங்கோ உயரத்தில் 'ங்ங்ங்' என்று ஒன்று போயிற்று. அது போய் முடிந்த பிறகு ரன்வே கையை இறக்கி, "சாரி. நியூவர்க் ஏர்போர்ட் பக்கம் காத்து திசை மாறிடுச்சு. எல்லாப் பிளேனும் இனிமே நம்ம தலைக்கு மேலதான் வரும். ப்ளீஸ் கன்டினியூ" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

அதிகாரியால் கன்டினியூ பண்ண முடியவில்லை. அவர் அன்று மாலை நியூவர்க்கிலிருந்து ஊருக்குத் திரும்ப வேண்டியவர். காற்று, தாமதம், எந்தப் பக்கம் உட்கார்ந்தால் வெயில் படாது என்று ரன்வேயிடம் அரைமணி நேரம் சந்தேகம் கேட்டுவிட்டுக் கிளம்பிப் போனார். அந்த வருடம் எங்கள் பிரிவில் யாருக்கும் வேலை போகவில்லை. இதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லைதான். ஆனாலும் ஒரு வாரம் நாங்கள் முறை வைத்து ரன்வேக்குக் காபி வாங்கிக் கொடுத்தோம்.

எங்கள் ஊரில் எல்லோரும் நல்ல பள்ளிக்கூடம் பார்த்து வீடு வாங்குவார்கள். ரன்வே ஓசை பார்த்து வாங்கினார். வீடு காட்ட வந்த அம்மாள் பேசிக்கொண்டிருக்கும்போதே கூரைக்கு மேல் விமானம் ஒன்று உறுமிக்கொண்டு போயிருக்கிறது. அந்த அம்மாள் முகம் சிவந்து, "எப்போதாவதுதான் இப்படி" என்று சமாளித்தாராம். ரன்வேக்கு முகம் வாடிவிட்டது. "எப்பவாவதுதானா? இதைவிடக் கொஞ்சம் சத்தமா வேற வீடு இருக்கா?" என்று கேட்டிருக்கிறார். இருந்தது. வாங்கினார். சமையலறை அலமாரியில் டம்ளர்கள் மணிக்கு இருபது தடவை பரதம் ஆடுகிற வீடு.

அவர் மனைவி கோமதி பொறுமையில் பூமாதேவிக்கு அக்கா. அந்த வீட்டில் போய்ச் சாப்பிட்டால் பேச்சு இப்படித்தான் நடக்கும். "சுந்தர், இன்னும் கொஞ்சம் ரச—" என்பார். கூரை அதிரும். கரண்டி அந்தரத்தில் நிற்கும். நாமும் வாயில் வைத்த சோற்றை மெல்லாமல் காத்திருக்க வேண்டும். ஓசை தேய்ந்த பிறகு "—ம் ஊத்தட்டுமா?" என்று முடிப்பார். இடையில் ரன்வே கண்ணை மூடி ஒரு புன்னகை செய்வார். அது ரசத்துக்கு இல்லை.

நவராத்திரிக்கு அவர்கள் வீட்டுக் கொலு பார்க்க ஐசலினிலிருந்தெல்லாம் கூட்டம் வரும். மற்ற வீடுகளில் படிக்குக் கீழே பார்க், குளம், கிரிக்கெட் மைதானம் என்று வைப்பார்கள். இவர் வீட்டில் முழு ஏர்போர்ட். செட்டியார் தம்பதி செக்-இன் கவுன்டரில் நின்றுகொண்டிருப்பார்கள். மாப்பிள்ளை ஊர்வலம் மொத்தமும் காலணியைக் கழற்றிவிட்டு செக்யூரிட்டி வரிசையில் நிற்கும். பாட வந்த மாமிகளிடம் "ராகம் எதுவானாலும் சரி, கொஞ்சம் லேண்டிங் இடைவெளி பாத்துப் பாடுங்க" என்று கேட்டுக்கொள்வார்.

இப்படிப்பட்டவர் இரண்டு வருடத்துக்கு முன் ஒரு காலையில் என் மேஜைக்கு வந்து நின்றார். கண்ணெல்லாம் தண்ணீர். என் தோளைப் பிடித்தார்.

"சுந்தர், அது இன்னும் உயிரோட இருக்கு."

யாரோ உறவினர் ஐ.சி.யூ.வில் இருக்கிறார் போலிருக்கிறது என்று எழுந்து நின்றேன். "எந்த ஹாஸ்பிடல் சார்?"

"ஹாஸ்பிடல் இல்ல. ஹேங்கர்."

விமானக் கொட்டகையில் நிற்கிற பழைய ஜெட் ஒன்று. மூன்று இன்ஜினும் வால் பக்கத்தில் கொத்தாக இருக்கும் ரகம். வாலுக்கு அடியிலேயே வாய் திறந்து படிக்கட்டு இறங்கும். ஒரு காலத்தில் உலகம் முழுக்க ஆட்களை ஏற்றிக்கொண்டு பறந்த வகை. இப்போது பயணிகளோடு பறக்கிற நிலையில் இருப்பவை விரல்விட்டு எண்ணக்கூட இல்லை. வசதியான ஒரு முதியவர், அந்தக் காலத்து இருக்கைகள், திரைச்சீலைகள் உள்பட அப்படியே பாதுகாத்து, தெற்கு ஜெர்சியில் ஒரு சின்ன விமான நிலையத்தில் வைத்திருந்தார். அதை அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கப்போகிறார் என்ற செய்திதான் ரன்வேயின் கண்ணீருக்குக் காரணம்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அந்த முதியவருக்கு ஒரு கடிதம். மின்னஞ்சல் இல்லை, காகிதத்தில், பேனாவால். என்ன எழுதினார் என்று தெரியாது. எட்டு மாதம் பதில் இல்லை. ஒன்பதாவது மாதம் ஒரு வரி வந்தது. ஆர்வலர்கள் ஒன்று சேர்ந்து விமானத்தை வாடகைக்கு எடுத்து, எல்லா இருக்கையும் நிரப்பினால், மியூசியத்துக்குப் போகும் முன் ஒரே ஒரு முறை பறக்கலாம். ஒரு இருக்கை காலியாக இருந்தாலும் கிடையாது.

தொண்ணூற்று நான்கு இருக்கைகள். ரன்வே மாதிரி வானத்தைப் பார்த்து நடக்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மினசோட்டாவிலிருந்து பதினோரு பேர், ஜெர்மனியிலிருந்து நாலு பேர், ஜப்பானிலிருந்து ஒரு தம்பதி, தேனிலவாம். அப்படியும் அறுபதோடு நின்றுவிட்டது. மீதிக்கு ரன்வே எங்கள் மேல் பாய்ந்தார்.

வளைகாப்பு, பிறந்தநாள், கிரகப்பிரவேசம் எதையும் விட்டுவைக்கவில்லை. ஓக் ட்ரீ ரோட்டில் புடவைக்கடை வரிசையில் நின்றவர்களிடமெல்லாம் பேசினார். அங்கேதான் என் மனைவி வித்யாவும் மாட்டினாள்.

"எந்த ஊருக்கு சார் போகுது?" என்று கேட்டாள்.

"எந்த ஊருக்கும் போகாதும்மா. கெளம்பின எடத்துக்கே வந்துடும்."

"பின்ன எதுக்கு அதுல போகணும்?"

"கோயில்ல பிரதட்சணம் பண்றீங்களே, அதுல எந்த ஊருக்குப் போய்ச் சேர்றீங்க?"

பதினாறு வருடத் தாம்பத்தியத்தில் ஒரு விவாதத்தில்கூட நான் வித்யாவை ஜெயித்ததில்லை. ரன்வே ஒரே வாக்கியத்தில் ஜெயித்துவிட்டார். வித்யா ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "ரெண்டு சீட் போட்டுக்கோங்க" என்றாள். இரண்டாவது சீட் எனக்கு. என்னை யாரும் கேட்கவில்லை. என்னைவிட வயதான எந்த வாகனத்திலும் ஏறுவதில்லை என்பது என் வாழ்க்கையின் ஒரே கொள்கை. அதை வெளியே சொல்லும் தைரியம் எனக்கு இல்லை.

கோமதி மட்டும் வரவில்லை. "வருஷம் முழுக்க இந்தச் சத்தத்தைத்தான் கேக்கறேன். அவர் அன்னிக்கு இருக்க மாட்டார் இல்ல, நான் எங்கக்கா வீட்டுக்குப் போய் சத்தமில்லாம தூங்கறேன்" என்றுவிட்டார்.

கடைசி இருக்கை கிடைத்த கதையைச் சொல்ல வேண்டும். ரன்வே பல் பிடுங்கிக்கொள்ளப் போயிருந்தார். மரத்துப்போன தாடையோடு காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருக்க, ஜன்னலுக்கு வெளியே விமானம் போயிருக்கிறது. இவர் தலை தூக்கினார். எதிரே உட்கார்ந்திருந்த எழுபத்தெட்டு வயது வெள்ளைக்காரப் பெண்மணியும் தலை தூக்கினார். இருவரும் ஒரே நேரத்தில் தலையை இறக்கி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். காதல் கதைகளில்தான் இப்படி வரும். அந்தம்மாளின் பெயர் பெக்கி. அதே மூன்று இன்ஜின் ஜெட்டில் பத்தொன்பது வருடம் விமானப் பணிப்பெண்ணாக இருந்தவர். கோணல் வாயோடு ரன்வே இரண்டு மணி நேரம் கேள்வி கேட்டிருக்கிறார்.

மறுநாள் ஆபீஸில் வீங்கிய கன்னத்தோடு என்னிடம் சொன்னார். "பத்தொன்பது வருஷம் சுந்தர்! ஒரு தடவைகூட அவங்க ஜன்னலோரம் உக்காந்து போனதில்லையாம். ஏறினதுலேருந்து எறங்கற வரைக்கும் டிராலி, காபி, வாந்திப் பை. டேக்-ஆஃப் அப்பவும் ஜன்னல் இல்லாத குட்டி சீட்டு. இது அநியாயம் இல்லையா?"

தொண்ணூற்று நான்காவது பெயராக பெக்கி சேர்ந்தார்.

பயணத்துக்கு ஒரு வாரம் முன்னால் எல்லோருக்கும் இரண்டு பக்க அறிக்கை வந்தது. அந்தக் காலத்தில் விமானத்துக்கு ஜம்மென்று உடுத்திக்கொண்டு வருவார்களாம், அதனால் நல்ல உடை கட்டாயம். உள்ளே சாப்பாடு கிடையாது. முக்கியமாக, 'இன்ஜின் சத்தம் கேட்கும்போது யாரும் மிக்சர் மெல்லக்கூடாது.' இந்த வரிக்குக் கீழே இரண்டு கோடு.

ஜூன் மாதத்துச் சனிக்கிழமை காலை. சுத்தமான நீல வானம். அந்தச் சின்ன விமான நிலையத்தில் அன்று கூடியதைப் போன்ற கூட்டத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஒரு பக்கம் விமானப் படம் போட்ட பனியனும் கழுத்தில் மூன்று கேமராவுமாக மினசோட்டா, ஜெர்மனி. இன்னொரு பக்கம் காஞ்சிபுரம் பட்டும் மல்லிகைப்பூவுமாக எங்கள் ஆட்கள். வித்யா அரக்குப் பட்டு. ரன்வே கோட்டு, டை, கல்யாணத்துக்கு வாங்கின ஷூ. பெக்கி கருநீலக் கவுனில், கழுத்தில் சின்னப் பட்டுத்துணி முடிச்சுப் போட்டு வந்திருந்தார். ஜப்பான் தம்பதி எல்லோரையும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் கழிவறை எங்கே என்று விசாரித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஹேங்கர் கதவு திறந்து அதை இழுத்துக்கொண்டு வந்தார்கள்.

கேலி பண்ணத் தயாராகத்தான் நான் நின்றிருந்தேன். ஆனால் எதுவும் தோன்றவில்லை. வெயிலில் வெள்ளியாக மின்னியது. இப்போதைய விமானங்கள் மாதிரி உப்பலாக இல்லாமல், நீண்டு மெலிந்து, மூக்கை நீட்டி, பறப்பதற்கு மட்டுமே பிறந்த ஏதோ ஒன்று தரையில் நிற்கிற சங்கடத்தோடு நின்றது. வாலின் உச்சியைப் பார்க்க எல்லோரும் தலையைப் பின்னால் சாய்க்க வேண்டியிருந்தது. தொண்ணூற்று நாலு பேரும் அப்படி அண்ணாந்து நின்றோம். மினசோட்டாக்காரர் ஒருவர் தொப்பியைக் கழற்றிவிட்டார். வித்யா தானாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

நான் ரன்வேயைப் பார்த்தேன். ஓடிப்போய்க் கட்டிப்பிடிப்பார் என்று நினைத்திருந்தேன். நின்ற இடத்திலிருந்து அசையவே இல்லை. "சார், வாங்க" என்றதும், "இருங்க சுந்தர். கிட்டப் போனா முழுசா தெரியாது" என்றார் மெதுவாக.

வால் படிக்கட்டு வழியாக ஏறினோம். உள்ளே பழைய தோலும் பாலிஷும் கலந்த வாசனை. ஒன்பதாவது வரிசையில் ஜன்னலோரம் பெக்கி, நடுவில் நான், ஓரத்தில் வித்யா. ரன்வே தனக்கு வைத்துக்கொண்டது கடைசி வரிசை, இருபத்தொன்று எஃப். இன்ஜினுக்கு ஒட்டின ஜன்னல், விமானத்திலேயே காது கிழிகிற இடம். மற்ற யாருக்கும் வேண்டாத அந்த இருக்கையை ஒரு வருடத்துக்கு முன்பே வட்டம் போட்டு வைத்திருந்தார்.

கதவு மூடுவதற்கு முன் மெக்கானிக் ஒருவர் வரிசை வரிசையாக எல்லா பெல்ட்டையும் இழுத்துப் பார்த்துக்கொண்டு வந்தார். எங்கள் வரிசைக்கு வந்தார். பெக்கியின் பெல்ட்டை மாட்டினார். கழன்றது. மறுபடி மாட்டினார். மறுபடி கழன்றது. என்னுடையதும் அப்படியே. நரைமீசைக் கேப்டன் வந்து பார்த்தார். அந்தக் கொக்கிக்கு மாற்று இந்த நாட்டில் இன்று கிடைக்காது. இரண்டு இருக்கையிலும் சிவப்பு நாடா கட்டியாக வேண்டும். யாரும் உட்காரக் கூடாது. மன்னிக்கவும், இரண்டு பேர் இறங்க வேண்டும் என்றார்.

வாழ்நாளில் எந்தத் தியாகத்தையும் நான் அவ்வளவு வேகமாகச் செய்ததில்லை. அவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் எழுந்து நின்றுவிட்டேன்.

"நானும் வரணுமா?" என்றாள் வித்யா.

"வேண்டாம் வேண்டாம். நீ போய்ட்டு வா. எனக்காகவும் சேத்துப் பாரு" என்றேன். குரலில் சோகத்தைக் கொண்டுவர முயன்றேன். என் முகம் ஒத்துழைக்கவில்லை என்று வித்யா பிறகு சொன்னாள்.

பெக்கியும் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். சிரித்தபடி, "பரவாயில்லை கண்ணா. நான் இதில் நிறையப் பறந்தாயிற்று" என்று ஆங்கிலத்தில் சொன்னார். சொல்லும்போது அவர் கை ஜன்னல் விளிம்பை விடவில்லை.

பின்னாலிருந்து ரன்வே ஓடி வந்தார். விஷயத்தைக் கேட்டார். நடைபாதையில் நின்று தமிழிலும் ஆங்கிலத்திலும், "யாராவது ஒருத்தர் மேடத்துக்காக சீட் விட்டுக் கொடுக்க முடியுமா?" என்று ஒரு முறை கேட்டார். மினசோட்டா கேமராவைத் துடைத்தது. ஜெர்மனி காலணிக் கயிற்றைக் கட்டியது. எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் திடீரென்று ஜன்னலுக்கு வெளியே ஏதோ முக்கியமாகத் தெரிந்தது. வித்யா ஒருத்திதான் எழுந்தாள். "என் சீட்டை எடுத்துக்கட்டும் சார்."

"உங்களுது ஜன்னல் இல்லையேம்மா. உக்காருங்க" என்றார் ரன்வே.

இரண்டாவது முறை அவர் யாரையும் கேட்கவில்லை. பெக்கியின் கைப்பையை வாங்கிக்கொண்டார். "கம் மேடம்" என்று கடைசி வரிசைக்கு அழைத்துப்போனார். இருபத்தொன்று எஃப்பில் உட்கார வைத்தார். தன் கையாலேயே பெல்ட்டை மாட்டி, இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். பெக்கி வேண்டாம் வேண்டாம் என்று ஏதோ சொல்ல, இவர் தலையை மட்டும் ஆட்டினார். பிறகு என் பின்னாலேயே படிக்கட்டில் இறங்கி வந்தார்.

தரையில் கால் வைத்ததும் எனக்கு வந்திருந்த சந்தோஷம் அவரைப் பார்த்ததும் அப்படியே வடிந்துவிட்டது.

"சார், ரெண்டு வருஷம் சார்!" என்றேன்.

"இந்தச் சத்தம் வெளியிலேருந்து கேட்டாத்தான் சுந்தர் நல்லா இருக்கும். உள்ள என்ன தெரியும்?" என்றார். ஆனால் டையைத் தளர்த்துகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எங்கள் இருவரையும் ஓடுபாதைக்குப் பக்கத்து வேலியோரம் கொண்டுபோய் நிறுத்தினார்கள். படிக்கட்டு மேலேறி வாலுக்குள் மறைந்தது. விமானம் மெதுவாக உருண்டு ஓடுபாதையின் மறுகோடிக்குப் போயிற்று. காத்திருக்கும்போது, நான் கேட்காமலேயே ரன்வே பேச ஆரம்பித்தார். அவர் பழவந்தாங்கல்காரர் என்பது எனக்குத் தெரியும். பக்கத்திலேயே ஏர்போர்ட், அதனால்தான் இந்தப் பைத்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"எங்க வீட்ல எப்பவும் சண்டை சுந்தர். அப்பாவும் சித்தப்பாவும் ஒரே வீட்ல பாதிப் பாதி. சுவர் யாருது, குழாய் யாருதுன்னு விடிஞ்சு எழுந்தா கத்தல். அம்மாவும் சித்தியும் அதுக்கு மேல. நானும் சித்தப்பா பையனும் கட்டிலுக்கு அடியில. அப்ப இந்த ரகப் பிளேன்தான் வரும். வந்தா யார் கத்தினாலும் யாருக்கும் கேக்காது. வேற வழியில்லாம எல்லாரும் வாயை மூடிப்பாங்க. அரை நிமிஷம்."

"ம்."

"அந்த அரை நிமிஷம் எல்லாரும் பேசாம ஒரே எடத்துல நிப்பாங்க. பாத்தா நல்ல குடும்பம் மாதிரியே இருக்கும் சுந்தர்."

அதற்குள் ஓடுபாதையின் மறுகோடியில் அது ஆரம்பித்தது.

முதலில் ஓசையாக இல்லை. காலடி மண்ணில் ஒரு நடுக்கம். பிறகு வேலிக்கம்பி சன்னமாக அதிர்ந்தது. பிறகு ஒரு கிழிசல், வானம் ஒரு பெரிய துணி, அதை யாரோ இந்த முனையிலிருந்து அந்த முனை வரை கிழிக்கிற மாதிரி. வெள்ளி மூக்கு எங்களை நோக்கி வந்தது, பெரிதாயிற்று, எங்களைக் கடந்தது. கடக்கும்போது என் நெஞ்செலும்பு வேறு யாருடையதோ போல் அதிர்ந்தது. நான் என்னவோ கத்தினேன், என் குரல் எனக்கே கேட்கவில்லை. முன்சக்கரம் தரையை விட்டது. அத்தனை பட்டுப்புடவைகளையும் கேமராக்களையும் பெக்கியையும் தூக்கிக்கொண்டு, மூன்று கரும்புகைக் கோடுகளை விட்டுவிட்டு, எவ்விதக் கஷ்டமும் இல்லாமல் அது மேலே போயிற்று. போயே விட்டது.

நான் எத்தனையோ முறை விமானத்தில் போயிருக்கிறேன். தூங்கியிருக்கிறேன், படம் பார்த்திருக்கிறேன், சாப்பாடு சரியில்லை என்று முணுமுணுத்திருக்கிறேன். மனிதன் பறக்கிறான் என்பது அன்றுதான், வேலிக்கு இந்தப் பக்கம் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, புகையினால்தான் என்று சொல்லத் திரும்பினேன். ரன்வே கண்ணை மூடிக்கொண்டு நின்றார். ஓசை முழுவதும் ஓயும் வரை அவரிடம் பேசக் கூடாது என்று தெரிந்ததால் பேசவில்லை.

ஐம்பது நிமிடம் கழித்து அது திரும்பி வந்தது. உடனே இறங்காமல், சக்கரங்களை உள்ளேயே வைத்துக்கொண்டு ஓடுபாதைக்கு மேல் தாழப் பறந்து, எங்களுக்கு நேராக வந்ததும் இறக்கையை ஒரு முறை இப்படியும் அப்படியும் சாய்த்தது. கேப்டனிடம் வித்யா கேட்டுக்கொண்டாளாம். ரன்வே வலது கையைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினார். விமானம் தூரத்தில் திரும்புகிற வரைக்கும் ஆட்டிக்கொண்டே இருந்தார்.

விமானம் நின்று எல்லோரும் இறங்கி வந்தார்கள். ஜெர்மனிக்காரர் ஒருவர் ரன்வே முன் வந்து நின்று, கைகுலுக்கிவிட்டு, காலணியைப் பார்த்தபடி போய்விட்டார். கடைசியாகப் பெக்கி வந்தார், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக. ரன்வேயின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"பத்தொன்பது வருடம் எல்லோரிடமும் 'வலது பக்கம் பாருங்கள், அழகாக இருக்கும்' என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அழகாகத்தான் இருக்கிறது" என்றார்.

ரன்வே குனிந்து தன் ஷூவைப் பார்த்துக்கொண்டார்.

திரும்பும்போது ரன்வே எங்கள் காரில் வந்தார். நான் ஓட்டினேன், பக்கத்தில் வித்யா, பின் இருக்கையில் அவர். டர்ன்பைக் நெடுஞ்சாலையில் கொஞ்ச தூரம் போயிருப்போம். பின்னாலிருந்து ஒரு குரல், பரீட்சை ரிசல்ட் கேட்கிற பையன் மாதிரி.

"வித்யாம்மா, மொதல் இன்ஜின் ஸ்டார்ட் ஆறப்போ லைட் ஒரு தடவை அணைஞ்சு எரிஞ்சுதா?"

"ஆமா சார்! எப்படித் தெரியும்?"

"அப்புறம் கால்ல தெரிஞ்சுதா?"

வித்யா பட்டுப்புடவையைச் சுருட்டிக்கொண்டு முழுசாகப் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். ஆரம்பத்திலிருந்து சொன்னாள். தரை அதிர்ந்தது, முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொண்டது, இறக்கை வளையும்போது அதன் தகடுகள் ஒவ்வொன்றாக விரிந்தது, கடல் தெரிந்தது, கரையோரம் மணல் ஒரு ஜரிகைக் கோடு மாதிரி இருந்தது, யாருமே மிக்சர் சாப்பிடாதது, பெக்கி ஐம்பது நிமிடமும் ஜன்னலில் நெற்றியை ஒட்டி வைத்துக்கொண்டிருந்தது. இவ்வளவையும் அவள் பார்த்திருக்கிறாள் என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. கண்ணாடியில் பார்த்தேன். ரன்வே தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணை மூடி, எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டிருந்தார்.

"சக்கரம் தரையைத் தொட்டுது. அவ்வளவுதான் சார்" என்று வித்யா முடித்தாள்.

ரன்வே கண்ணைத் திறந்து, "சிரமம் இல்லேன்னா… இன்னொரு தடவை சொல்றீங்களாம்மா?" என்றார்.

எதையும் இரண்டாம் முறை சொல்லச் சொன்னால் கோபம் வந்துவிடும் என் வித்யா, தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்துவிட்டு, "மொதல்ல லைட் ஒரு தடவை அணைஞ்சு எரிஞ்சுது சார்" என்று ஆரம்பித்தாள். நாங்கள் திரும்ப வேண்டிய எக்ஸிட் வந்தது. நான் பார்க்காத மாதிரி நேரே ஓட்டிக்கொண்டு போனேன்.